வேகத்தடை வடிவமைப்புத் தரம்

வீதியின் குறுக்கே எழுப்பப்படும் வேகத்தடையின் உயரம், நீளம், வளைவு, பூச்சு, முன்னறிவிப்புப் பலகை ஆகியவற்றை ஒரே சீராக வரையறுக்கும் விதிகள்.

பிரிட்டனின் போக்குவரத்து, வீதி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜி. ஆர். வாட்ஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வே இதற்கு அடித்தளம். குறுகிய திண்டை வேகமாகத் தாண்டினால் அதிர்ச்சியைச் சக்கரமும் வில்லும் வாங்கிக்கொள்கின்றன. மெதுவாகச் செல்பவருக்கே குலுக்கல் அதிகம். அதாவது, குற்றவாளி தப்ப, அம்புலன்ஸில் கிடக்கும் நோயாளி தண்டிக்கப்படுகிறார். இதற்கு மாற்றாக வந்தது 3.7 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் உடைய வட்டவில் மேடு. இந்திய வீதிக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டி (ஐஆர்சி 99) இதையே ஏற்று, 17 மீற்றர் ஆரையையும் மணிக்கு 25 கிலோமீற்றர் கடக்கும் வேகத்தையும் குறித்தது. சிறு வீதிகளுக்கான அளவு அது.

இலங்கையில் பொத்துவிலிலிருந்து திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 வீதி நெடுந்தூர பஸ்களின் பாதை. அதேவேளை ஊர்களின் கடைத்தெருவும் அதுவே. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, உள்வீதிகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. வீதிக்கு வீதி உரிமையாளர் மாறினாலும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாறுவதில்லை. அளவு பொதுவாக இருக்க வேண்டியதன் தேவை இங்கே மிகத் தெளிவு.

பூச்சு அழிந்த வேகத்தடை இரவில் மோட்டார் சைக்கிளோட்டிக்குப் பொறியாகிறது. பராமரிப்பும் தரத்தின் பகுதியே.