கொக்கோவின் காய் அழுகலும் புரதப் பட்டைகளும்

கொக்கோக் காய்களைக் கறுத்து அழுகச் செய்யும் நோய்க்கு, 1970-களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் பெரும்பாலும் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற ஒரே கிருமியே காரணமாகச் சொல்லப்பட்டுவந்தது. கோதாவரிக் கழிமுகத்துப் பனைமரங்களின் குருத்தழுகலை ஆராய்ந்த பட்லர் 1907-இல் விவரித்த உயிரி இது. பூசணம் போல இழைகளாக வளர்ந்தாலும் உண்மையான பூசணக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று.

1975-இல் சான்சோம், பிரேசியர், கிரிஃபின் ஆகியோர், கொக்கோவிலிருந்து பிரித்தெடுத்த மாதிரிகளுள் சிலவற்றின் குரோமோசோம்கள் சிறியனவாகவும் வேறு சிலவற்றினுடையவை பெரியனவாகவும் இருப்பதைக் கண்டறிந்தனர். வித்துப்பைகளின் வடிவத்தையும் அவற்றின் காம்பு நீளத்தையும் கொண்டு மாதிரிகள் தனித்தனி உருவ வகைகளாகப் பிரிக்கப்பட்டன. பெரிய குரோமோசோம் கொண்ட வகை 1979-இல் பைட்டோப்தோரா மெகாகார்யா என்ற தனி இனமாயிற்று. எனினும் காம்பின் நீளம் வளர்ப்பு ஊடகத்துக்கும் ஒளிக்கும் ஏற்ப மாறக்கூடியதாதலால், உருவத்தைச் சாராத சான்று ஒன்று தேவைப்பட்டது.

அச்சான்றைப் புரதங்கள் தந்தன. கிருமியைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, இழைகளை வடித்தெடுத்து, குளிர்நிலையில் அரைத்து, தெளிந்த சாற்றைக் கூழ்மப் பலகையின் விளிம்பிலுள்ள குழிகளில் இட்டு மின்சாரம் செலுத்தினால், புரதங்கள் தத்தம் மின்னேற்றத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப வெவ்வேறு தொலைவு நகர்ந்து நிற்கும். எலக்ட்ரோபோரசிஸ் எனப்படும் முறை இதுவே. எஸ்டரேஸ் போன்ற நொதியாயின், அது வினைபுரியும் பொருளையும் ஒரு சாயத்தையும் ஊற்றியவுடன், நொதி நிற்கும் இடம் மட்டும் கரும்பட்டையாகத் தெரியவரும். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் காவோசிரி, சென்ட்மையர் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், கொக்கோ மாதிரிகளின் புரதம், எஸ்டரேஸ், பெராக்சிடேஸ் ஆகிய மூன்றின் பட்டைகளும் ஒப்பிடப்பட்டன. வளர்ப்பின் வயது மாறினால் பட்டைகளும் மாறக்கூடும் என்பதால், எல்லா மாதிரிகளையும் ஒரே நிலைமையில் வளர்ப்பது இத்தகைய ஒப்பீட்டின் முதல் நிபந்தனை.

மொத்தப் புரதப் பட்டைகளைவிட, ஒரே வேலையைச் செய்யும் நொதியின் மாற்றுருவங்களான ஐசோசைம்கள் மரபணுவை நேரடியாகச் சுட்டுவதால் தெளிவான சாட்சியாயின. ஊடெமன்ஸ், காஃபி ஆகியோரின் 1991-ஆம் ஆண்டு ஐசோசைம் ஆய்வு, மெகாகார்யா தனியினம் என்பதை உறுதிசெய்ததோடு, நீண்ட காம்புள்ள நான்காம் உருவ வகையை, மிளகாயில் முதலில் விவரிக்கப்பட்ட கேப்சிசி இனத்தோடு சேர்த்தது. மிளகுக் கொடியில் விரைவு வாடலை உண்டாக்கும் கிருமியும், முன்பு பால்மிவோராவாகவே கருதப்பட்டிருந்து, பின்னர் கேப்சிசியோடு இணைக்கப்பட்டது.

இப்பிரிவினை வெறும் பெயர்ச் சிக்கலன்று. மண்ணிலும் வேரிலும் நிலைத்திருந்து மழைதோறும் எழும் மெகாகார்யா, பால்மிவோராவைவிட மிகக் கொடியது. கானாவில் 1985-இல் கண்டறியப்பட்ட அந்த இனம், இன்றும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்கு வெளியே பதிவாகவில்லை.