ஊசியும் உத்தரவும்

பிள்ளையின் உடம்புக்கு யார் பொறுப்பு? உம்மாவும் வாப்பாவும் என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால் இந்த நாட்டில் இருநூறு வருடங்களுக்கும் மேலாக அரசாங்கமும் அந்தப் பொறுப்பில் பங்கு கேட்டு வந்திருக்கிறது. அது எப்படிக் கேட்டது, நாம் எப்படிக் கொடுத்தோம் என்பதை அறிந்துகொண்டால்தான் இன்றைய தடுப்பூசிப் பேச்சில் நிதானம் வரும்.

வைசூரியையும் சின்னமுத்தையும் வேறுவேறு நோய்களாகப் பிரித்து நூல் எழுதியவர் அர்ராஸி. பத்தாம் நூற்றாண்டின் முதற்பகுதி வரை வாழ்ந்தவர். வைசூரிக் கொப்புளத்தின் நீரை ஆரோக்கியமான பிள்ளைக்குக் கீறி ஏற்றும் முறை உஸ்மானியத் துருக்கியில் குடும்பங்களுக்குள்ளே நடந்துவந்தது. அதை அங்கே கண்ட மேரி வோர்ட்லி மொன்டேகு என்ற ஆங்கிலப் பெண்மணி 1721இல் இலண்டனில் தன் மகளுக்கும் செய்வித்தார். அதன் பின்னரே 1796இல் ஜென்னரின் பசுவம்மை முறை வந்தது. ஆகவே தடுப்பூசி நமக்கு அந்நியமான சங்கதி அல்ல.

ஜென்னரின் முறை 1802இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. கண்டி இராச்சியம் அப்போது பிரித்தானியரின் கைக்குப் போயிருக்கவில்லை. கரையோரத்தில் தொடங்கிய அம்மை குத்தும் வேலை 1815க்குப் பிறகுதான் ஆட்சியோடு சேர்ந்து மலைநாட்டுக்கு ஏறியது. 1886இல் அதற்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்து, அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. இதே ஆட்சியாளர் தம் சொந்த நாட்டில் 1853இலேயே குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கியிருந்தனர். அங்கே பெற்றோர் தண்டப்பணம் கட்டினார்கள், ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1898இல், மனச்சாட்சிப்படி மறுக்கும் பெற்றோருக்குச் சட்டமே விலக்களிக்க வேண்டியதாயிற்று. சட்டத்தால் கையைப் பிடிக்கலாம், மனசைப் பிடிக்க முடியாது.

இலங்கையில் மனசைப் பிடித்தது வேறொரு ஏற்பாடு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி முறை. அந்த முறையின் உயிர்நாடி, நம் பெண்கள் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று கூப்பிடும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர். கெலிஓயா, தவுலகல, வெலிகல்லப் பக்கங்களில் அவர் ஏறி இறங்காத வீட்டுப்படி குறைவு. பிள்ளையை நிறுத்துப் பார்த்து, உம்மாவின் சந்தேகத்தைக் கேட்டு, மறுமொழி சொல்லிவிட்டுத்தான் கிளினிக் திகதியைக் குறிப்பார். 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு போலியோ நோயாளிகூடக் காணப்படாததற்குப் பின்னால் இந்தப் படியேற்றம் இருக்கிறது.

சந்தேகம் வந்தபோது அரசாங்கம் காது கொடுத்ததும் உண்டு. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி 2008 ஜனவரியில் அறிமுகமானது. அது ஏற்றப்பட்ட குழந்தைகள் சிலரின் மரணங்கள் பதிவானதும் ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்த பின் 2010இல் திரும்பவும் தொடங்கப்பட்டது. கேள்விக்குப் பதில் கிடைத்ததால் பெற்றோர் கிளினிக்கை விட்டு விலகவில்லை.

2020இல் நடந்தது இதற்கு நேர்மாறு. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, கொவிட்டால் மௌத்தானவர்களை எரிக்கவே வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸா, பெற்றோர் சம்மதம் கொடுக்காத நிலையில் பொரளையில் எரிக்கப்பட்டது. மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் உத்தரவு மாறியது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. ஆனால் அந்த வடு ஆறவில்லை.

அந்த வடுவின் மேல்தான் இப்போது வாட்ஸ்அப் வதந்தி வந்து குந்துகிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017இலிருந்து ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் போடப்படுகிறது. “அதப் போட்டா பின்னுக்குப் புள்ள கிடைக்காதாம், சேர்” என்று ஒரு தாய் வந்து கேட்டால், அவரை அறியாதவர் என்று ஒதுக்குவது அநியாயம். அவருடைய பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதே நேரம், எரித்த உத்தரவையும் காக்கும் ஊசியையும் ஒரே தராசில் வைப்பதும் அநியாயம். முன்னது அறிவியலை மீறியது, பின்னது அறிவியலால் நிற்பது. கோபத்தில் இரண்டையும் ஒன்றாகத் தள்ளினால் நட்டம் நம் மகள்மாருக்கே.

அதனால் இரு பக்கத்துக்கும் கடமை இருக்கிறது. சம்மதக் கடிதத்தை அனுப்பும் அரசாங்கம், அதைத் தாய் வாசிக்கும் மொழியில், விளக்கத்தோடு அனுப்பட்டும். நாமும் பள்ளிவாசல் மண்டபத்துக்கு வைத்திய அதிகாரியை அழைத்து, பெண்களும் முன்னால் இருந்து கேள்வி கேட்க வழிசெய்வோம். கேட்டுத் தெளிந்த பிறகு இடும் கையெழுத்துத்தான் சம்மதம்.