பேருந்து நிறுத்தம் மேயருக்கு, பேருந்து மாநில அரசுக்கு: பெங்களூரு போக்குவரத்து நிதி யார் கையில்?

பெங்களூரு: பெங்களூரு பெருநகர ஆணையம் என்ற புதிய அமைப்பின் கீழ், நகரம் 2025 செப்டம்பரில் 5 மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. நகரின் போக்குவரத்து நெரிசலைத் தீர்ப்பதும் இந்த மாற்றத்தின் நோக்கங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. ஆனால், பேருந்துக் கட்டணம், மெட்ரோ கட்டணம், புதிய தடங்களுக்கான நிதி ஆகியவற்றை முடிவு செய்யும் அதிகாரம் இந்த மாநகராட்சிகளின் மேயர்களிடம் இல்லை.

அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

நகராட்சி அமைப்புகளுக்கு அரசமைப்புத் தகுதி அளித்த 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிகளுக்கு மாநிலங்கள் வழங்கக்கூடிய 18 பணிகளை 12-ஆவது அட்டவணை பட்டியலிடுகிறது. சாலைகள், பாலங்கள், தெருவிளக்குகள், வாகன நிறுத்துமிடங்கள், பேருந்து நிறுத்தங்கள் ஆகியவை அதில் உள்ளன. பேருந்துகளை இயக்கும் பணி தனியாகக் குறிப்பிடப்படவில்லை.

பெங்களூரில் நடைமுறையும் அவ்வாறே அமைந்துள்ளது. பேருந்துக்குக் காத்திருக்கும் பயணி நிற்கும் நடைபாதை மாநகராட்சியின் பொறுப்பு. அவர் ஏறும் பேருந்து எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது மாநில அரசு நிறுவனத்தின் முடிவு.

மூன்று போக்குவரத்து, மூன்று நிர்வாகம்

நகரப் பேருந்துகளை இயக்கும் பிஎம்டிசி, கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து 1997-இல் பிரிக்கப்பட்ட மாநில அரசு நிறுவனம். 2025 ஜனவரி 5 முதல் அதன் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது; அந்த முடிவை எடுத்தது மாநில அமைச்சரவை. 2023 ஜூன் 11-இல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தின் கீழ் பெண்கள் சாதாரணப் பேருந்துகளில் இலவசமாகப் பயணம் செய்கின்றனர். அதற்கான தொகையை மாநில அரசே போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்ய வேண்டும். அந்தத் தொகை எப்போது, எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தே பிஎம்டிசியின் நிதிநிலை அமைகிறது.

நம்ம மெட்ரோவை நடத்தும் பிஎம்ஆர்சிஎல், மத்திய அரசும் கர்நாடக அரசும் சரிபாதிப் பங்கு கொண்ட நிறுவனம். புறநகர் ரயில் திட்டம், மாநில அரசும் ரயில்வே அமைச்சகமும் இணைந்து நடத்தும் கே-ரைடு நிறுவனத்திடம் உள்ளது. இந்த மூன்றிலும் மாநகராட்சி உரிமையாளர் அல்ல.

கட்டண உயர்வில் வெளிப்பட்ட சிக்கல்

இந்த அமைப்பின் விளைவு 2025 பிப்ரவரியில் தெரிந்தது. மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. சில தூரங்களுக்கான கட்டணம் ஏறத்தாழ இருமடங்கானது. எதிர்ப்பு எழுந்ததும், உயர்வு 71 சதவீதத்தைத் தாண்டாதவாறு கட்டணங்கள் திருத்தப்பட்டன.

2002-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழுவை மத்திய அரசு நியமிக்கிறது. அதன் பரிந்துரை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இந்தக் குழுவுக்குச் சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஆர்.தாரணி தலைமை வகித்தார். உயர்வுக்குப் பொறுப்பு மத்திய அரசே என மாநில ஆளும் தரப்பும், மாநில அரசே என பாஜகவும் கூறின. நகர வாக்காளர்கள் கேள்வி கேட்பதற்கு மேயரும் அப்போது இல்லை. பெங்களூரு மாநகராட்சி மன்றத்துக்குக் கடைசியாக 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் அரசு நியமித்த அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினர். ஐந்து மாநகராட்சிகள் தொடங்கப்பட்டபோதும் நிலை மாறவில்லை.

புதிய சட்டம் எதை மாற்றுகிறது?

பழைய மாநகராட்சியில் மேயரின் பதவிக்காலம் ஓராண்டாக இருந்தது. புதிய சட்டம் அதை 30 மாதங்களாக நீட்டித்துள்ளது. எனினும் மேயரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாமன்ற உறுப்பினர்களே தேர்வு செய்வர். பெருநகர ஆணையத்துக்குத் தலைவர் முதலமைச்சர். மேயர்கள் அதில் உறுப்பினர்கள் மட்டுமே. பேருந்து, மெட்ரோ, ரயில் ஆகியவற்றை ஒருங்கிணைக்க 2022-இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட பெருநகர தரைவழிப் போக்குவரத்து ஆணையமும் முதலமைச்சர் தலைமையிலேயே உள்ளது.

ஒரே தடத்தில் செல்லும் பேருந்து இரண்டு, மூன்று மாநகராட்சிகளைக் கடக்கக்கூடும் என்பதால், முழு நகரத்துக்கும் பொதுவான ஆணையம் தேவை என்பது அரசின் வாதம். அந்த ஆணையத்தின் தலைமை மாநில அரசிடமே இருந்தால் அதிகாரப் பரவல் பெயரளவில் நின்றுவிடும் என்பது விமர்சகர்களின் வாதம்.

பிற நகரங்களின் அனுபவம்

சென்னையிலும் மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாநில அரசுக்கே சொந்தம். மும்பையில் நிலை வேறு. அங்கு பெஸ்ட் பேருந்துகள் மாநகராட்சியின் அமைப்பைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் அதன் மின்விநியோக லாபம் பேருந்து இழப்பை ஈடுகட்டியது. அந்த வழி அடைபட்டபின் கடன் பெருகி, சொந்தப் பேருந்துகள் குறைந்தன. புணேயில் பிஎம்பிஎம்எல் நிறுவனத்தின் இழப்பைப் புணே மாநகராட்சி 60 சதவீதமும், பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 40 சதவீதமும் ஏற்கின்றன.

லண்டனில் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர், நகரப் போக்குவரத்து அமைப்பின் கட்டணங்களை முடிவு செய்கிறார். 2003-இல் தொடங்கிய நெரிசல் கட்டணத்தின் நிகர வருவாய் போக்குவரத்துக்கே செலவிடப்படுகிறது. கிரேட்டர் மான்செஸ்டரில், 2017-இல் முதல் மேயராகத் தேர்வான ஆன்டி பர்னாம், தனியார் வசமிருந்த பேருந்துத் தடங்களையும் கட்டணங்களையும் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பணி 2025 ஜனவரியில் நிறைவடைந்தது.

நிறுவனத்தின் உரிமை கிடைத்தால் மட்டும் போதாது, அதை நடத்துவதற்கான நிலையான வருவாயும் வேண்டும் என்பதை மும்பையின் அனுபவம் உணர்த்துகிறது. சொத்து வரியைப் பெரிதும் நம்பியிருக்கும் பெங்களூரு மாநகராட்சிகளுக்கு இது முக்கியமானது. மோட்டார் வாகன வரி மாநில அரசுக்குச் செல்கிறது. அதில் ஒரு பங்கோ, வாகன நிறுத்தக் கட்டணம் போன்ற புதிய வருவாயோ போக்குவரத்துக்கென ஒதுக்கப்படாத வரை, மேயரின் பொறுப்பு நிழற்குடைகளுடனும் நடைபாதைகளுடனும் நின்றுவிடும்.