குருந்தமும் கார்பரண்டமும்



தச்சர் கைக்கொள்ளும் சாணைக்கல்லுக்கு வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவ்வரலாற்றை நான் தவறாக அறிந்திருந்தேன். அத்தவற்றை ஒரு கூட்டத்தில் உரக்கவும் சொல்லிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

உலகப் பட்டறைகளிலெல்லாம் சுழலும் கார்பரண்டம் நம் நாட்டுக் குருந்தக்கல்லே, அதன் பெயரே அதற்குச் சான்று என்று அன்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. முன்வரிசையிலிருந்த முதிய தச்சர் ஒருவர் மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்தபின் அருகில் வந்து, "ஐயா கார்பரண்டச் சக்கரத்தில் உளி பிடித்துப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். விடைக்குக் காத்திராமல் போய்விட்டார். அதன் பின்னரே நான் நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

குருந்தம் என்பது அலுமினியமும் உயிர்வளியும் சேர்ந்த கனிமம். கடினத்தில் வைரத்துக்குப் பத்து என்றால் இதற்கு ஒன்பது. பளிங்குக் கல்லான குவார்ட்சுக்கோ ஏழுதான். இதுவே சிவந்து தெளிந்தால் மாணிக்கம். நீலம் பாய்ந்தால் நீலக்கல். நிறமும் ஒளியும் கூடாத மங்கிய கற்கள் நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டிப் பாறைகளில் உண்டு. அரசர் முடிக்குச் சென்றது ஒன்று, சாணைக்குச் சென்றது மற்றொன்று. பிறப்பில் வேற்றுமை இல்லை. இவ்வுண்மையை 1802இல் பூர்னோன் பிரபு இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் விளக்கினார். அதற்கு நான்கு ஆண்டு முன்பே சார்லஸ் கிரெவில் அதே ஏட்டில் ஆசியாவின் இக்கல்லைப் பற்றி எழுதியிருந்தார். ஆங்கிலச் சொல்லான 'கொரண்டம்' நம் குருந்தத்திலிருந்து வந்தது என்பதை ஆங்கில அகராதியாரே ஒப்புகின்றனர்.

நம் நாட்டுச் சாணைபிடிப்போர் இக்கல்லை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து சக்கரமாக வார்த்தனர். எளிய வேலைதான், ஆயினும் அதனுள் ஓர் அறிவு அடங்கியிருக்கிறது. மணிகளைப் பிணைத்து நிற்பது அரக்கு. மணி மழுங்கியதும் அரக்கு அதை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த கூர்மணி வெளிப்படும். அரக்கு இறுகப் பிடித்துக்கொண்டாலோ மழுங்கிய மணி தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றும். கடிய எஃகுக்கு மெதுவான சக்கரம், மெதுவான உலோகத்துக்குக் கடிய சக்கரம் என்று இன்றைய தொழிற்சாலைகள் தேர்வதும் இதனால்தான். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

இனி கார்பரண்டத்துக்கு வருவோம். எடிசனிடம் முன்னர்ப் பணிபுரிந்த எட்வர்டு அச்சிசன் என்பார், 1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இரும்புக் கிண்ணமொன்றில் களிமண்ணையும் கற்கரித்தூளையும் இட்டு மின்சாரம் பாய்ச்சினார். ஆறியபின் கரிக்கோலின் முனையில் சில மின்னும் படிகங்கள் தென்பட்டன. அவை கண்ணாடியைக் கீறின. களிமண்ணிலுள்ள அலுமினாவும் கரியும் கூடிப் பிறந்தவை இவை என எண்ணிய அவர், கார்பன், கொரண்டம் என்னும் இரு சொற்களையும் ஒட்டிக் கார்பரண்டம் என்று பெயரிட்டார். பின்னர் ஆராய்ந்தபோதோ அதில் அலுமினா இல்லை. சிலிக்கனும் கரியுமே இருந்தன. பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் சான்று என்று முழங்கிய பெயர், பிறர் செய்த பிழையின் எச்சம்!

1895இல் அச்சிசனின் தொழில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தை நாடி அங்கே பெயர்ந்தது. 1897இல் சார்லஸ் ஜேக்கப்ஸ் பாக்சைட்டை மின்னுலையில் உருக்கிச் செயற்கைச் சாணைப்பொருள் ஒன்றைச் செய்தார். அதுவே அலுமினா, பொருளளவில் அதுதான் நம் குருந்தம். அதற்கு வேறு பெயர்கள் வழங்கலாயின. நம் பெயர் ஒரு கல்லுக்கும் நம் பொருள் மற்றொரு கல்லுக்குமாகப் பிரிந்தன. 1954இல் முருகப்பா குழுமத்தார் அயல்நாட்டு நிறுவனங்களோடு கூடிச் சென்னையில் சாணைத் தொழில் தொடங்கியபோது, கார்பரண்டம் என்னும் பெயர் கடல் சுற்றி ஊர் வந்து சேர்ந்தது.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு அத்தச்சரின் பட்டறைக்குச் சென்றேன். அங்கே இரண்டு சக்கரங்கள் இருந்தன. கருமையானது கார்பரண்டம்; வார்ப்பிரும்பு, பித்தளை, கல் இவற்றுக்கு அது. பழுப்பானது அலுமினா, உளியும் இழைப்புளித் தகடும் அதற்கு. விரைந்து சுழலும் சூட்டில் கார்பரண்டத்தின் மணிகளை எஃகிலுள்ள இரும்பே அரித்து மழுக்கிவிடும் என்பதை நான் படித்து அறிந்திருந்தேன். அவர் பல உளிகளைப் பிடித்து அறிந்திருந்தார்.

ஆர்வமிகுதியால் அவருடைய உளி ஒன்றை வாங்கிச் சக்கரத்தில் அழுத்தினேன். பழுப்புச் சக்கரம்தான், தேர்வில் பிழையில்லை. ஆயினும் நொடியில் முனையில் நீலம் படர்ந்தது. பதம் போய்விட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நீலம் படர்ந்த பகுதி முழுவதையும், நீரில் தோய்த்துத் தோய்த்து, சிறிது சிறிதாக அரைத்து நீக்கினார். பிறகு எண்ணெய்க்கல்லில் தீட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. உளி கால் விரற்கடை குறைந்துபோயிருந்தது.