தளபதி அல்லாத ‘கொம்பாத்’

இந்த வாரம் ஸ்டாலின்கிராடுக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். டான் நதியைத் தாண்டுவதற்குள் லுகான்ஸ்க் வட்டாரத்தில் ஒரு படம் வழிமறிக்கிறது. 1942 கோடையில், வழக்கமாகச் சொல்லும் கணக்கில் ஜூலை 12 அன்று, சோவியத் செய்தி நிறுவனமான ‘தாஸ்’ஸின் புகைப்படக்காரர் மாக்ஸ் ஆல்பெர்ட் எடுத்தது. தாழ்ந்த கோணம், பின்னால் பரந்த வானம். தோக்கரேவ் பிஸ்டல் ஏந்திய வலக்கையை உயர்த்தி ஓர் அதிகாரி எழுகிறார். முகமோ எதிரியைப் பார்க்காமல் பின்னாலிருக்கும் தன் வீரர்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. இதுதான் ‘கொம்பாத்’, அதாவது பட்டாலியன் தளபதி. அவர் தளபதியே இல்லை. படம் நிஜம் என்பதற்கு அந்தத் தவறான தலைப்பே நல்ல சாட்சி என்பது என் கட்சி.

ஜோடித்த படம் என்போர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1945இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் உச்சியில் செங்கொடியைப் படமெடுத்த யெவ்கேனி கால்தேய், கொடியைக் கையோடு கொண்டுபோனவர்; புகையையும் பிற்பாடு சேர்த்தார். மாஸ்கோவைக் காக்க ஜெர்மன் டாங்கிகளை எதிர்த்து மடிந்ததாகச் சொல்லப்பட்ட, தளபதி பான்ஃபிலோவின் 28 வீரர்கள் கதை பத்திரிகைக் கட்டுக்கதை என்று 1948இல் சோவியத் ராணுவ வழக்கறிஞர்களே கண்டறிந்தார்கள். ஆனால் அந்த 28 பேருக்கும் பெயர்ப் பட்டியல், வீரப் பட்டம் எல்லாம் தயாராக இருந்தன. ஆல்பெர்ட்டிடம் ஒரு பெயர்கூட இல்லை. குண்டுச் சிதறல் கேமராவை உடைத்தது, ‘கொம்பாத் செத்துவிட்டார்’ என்ற குரல் காதில் விழுந்தது, அதையே தலைப்பாக்கினேன் என்றுதான் சொன்னார். ஆளை நிறுத்திவைத்து எடுக்கும் பிரசாரகர் ஊரும் பேரும் கேட்காமலா வருவார்? எதிரிக்கு முதுகு காட்டி எப்படி எடுத்தார் என்ற கேள்விக்கு, வரிசைக்குச் சற்று முன்னாலிருந்த பள்ளத்தில் இருந்தேன் என்றார்; கோணமும் அதற்கு ஒத்துப்போகிறது.

அந்தக் கதையையே பிற்பாடு கட்டியிருக்கலாமே என்றால், கட்டுபவர் தளபதி என்ற பெரிய பதவிக்குத் தகுந்த ஆளையும் சேர்த்தே கட்டியிருப்பார். பல ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் அடையாளம் காட்டியதோ அலெக்சி யெரெமென்கோ என்ற இளநிலை அரசியல் அதிகாரியை. அதிலும் தகராறு உண்டு. முகச்சாடையை நம்பிச் சொன்ன சாட்சியத்தை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அரசியல் அதிகாரிகள் எல்லாருமே வீரர்களின் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற வில்லன்கள் என்பதையும் ஏற்கமாட்டேன். பிடிபட்ட கமிஸார்களை, அதாவது இந்த அரசியல் அதிகாரிகளை, சுட்டுக் கொல்லும்படி 1941 ஜூனில் உத்தரவு போட்டது ஹிட்லரின் தலைமையகம். அந்த உத்தரவோடு வந்த ஜெர்மன் படையை எதிர்த்துத்தான் இவர்கள் நின்றார்கள்.

ஸ்டாலின்கிராட், அடுத்த வாரம் கட்டாயம்.