இருபடியில் பிறக்காத கலப்பெண்

ய² + 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு மெய்யெண்களில் தீர்வில்லை; ஆகவே √−1 என்ற புதிய எண்ணைக் கொண்டுவந்தார்கள். கலப்பெண் பாடம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கற்பிக்க வசதியான தொடக்கம்தான்; வரலாறு அப்படி நடக்கவில்லை. தீர்வில்லாத கணக்கைத் தீர்வில்லை என்று விட்டுவிட யாருக்கும் தடையில்லை. இருபடிச் சமன்பாடு தனிக் கணக்காக நின்றவரை அப்படித்தான் விட்டார்கள். வேறொரு கணக்கின் நடுவே அது வந்து நின்றபோதுதான் விட முடியாமல் போயிற்று என்பதே என் வாதம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் கணிதசாரசங்கிரகம் எழுதிய மகாவீரர், குறை எண் இயல்பிலேயே வர்க்கம் ஆகாது, எனவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று முடித்துவிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாஸ்கரரும் அதையே சொன்னார். பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி, ய² + 21 = 10ய போன்றவற்றைத் தீர்க்கும்போது, 10-இன் பாதியின் வர்க்கம் மாறிலி எண்ணைவிடக் குறைந்தால் கணக்கே நடவாது என்று எச்சரித்தார். இவர்கள் எவரும் தடுமாறவில்லை. தடுமாற ஒன்றும் இல்லை.

1545-இல் கார்டானோ, 10-ஐப் பெருக்கற்பலன் 40 வரும்படி இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். 10-ஐ எப்படிப் பிரித்தாலும் பெருக்கற்பலன் 25-ஐத் தாண்டாது. அவரோ 5 + √−15, 5 − √−15 என்று விடை எழுதி, பெருக்கிச் சரிபார்த்தும் காட்டினார். பிறகு, நுட்பமானது ஆனால் பயனற்றது என்று அவரே ஒதுக்கினார். அவர் தீர்ப்பில் நியாயம் உண்டு. ய² − 10ய + 40 என்பதை வர்க்கப் பூர்த்தி செய்தால் (ய − 5)² + 15. அதன் பரவளையம் 5-க்கு நேரே, அச்சுக்கு 15 அலகு மேலே அடித்தொட்டுத் திரும்புகிறது. விடையிலுள்ள 5-உம் 15-உம் அந்த வளைவின் இருப்பைத்தான் சொல்கின்றன. 10-ஐப் பிரிக்க உதவவில்லை.

1572-இல் பொம்பெல்லி எடுத்துக்கொண்ட ய³ = 15ய + 4 வேறு வகை. இதற்கு 4 ஒரு மூலம். மற்ற இரண்டும் −2 ± √3. மூன்றும் மெய்யெண்கள். ஆனால் முப்படிச் சமன்பாட்டுக்குக் கார்டானோ தந்த வழியில் போனால், ய-ஐ ப + ம என்று பிரித்து, ப³-உம் ம³-உம் கூட்டினால் 4, பெருக்கினால் 125 என்ற நிலைக்கு வருகிறோம். அதாவது த² − 4த + 125 = 0. தன்மைகாட்டி −484. பள்ளி மாணவன் இங்கே 'மெய் மூலங்கள் இல்லை' என்று எழுதிக் கோடிழுப்பான். இழுத்தால், கண்முன் இருக்கும் 4 கைநழுவும். பொம்பெல்லி கோடிழுக்கவில்லை. 2 + √−121-இன் கனமூலம் 2 + √−1 என்றும், அதன் இணையின் கனமூலம் 2 − √−1 என்றும் கண்டு, இரண்டையும் கூட்டி 4-ஐப் பெற்றார்.

4 என்பதைக் கண்ணாலேயே ஊகித்திருக்கலாமே என்று கேட்கலாம். சரி, ய³ − 3ய + 1 = 0-ஐப் பார்ப்போம். மூன்று மெய் மூலங்கள். ஊகித்துப் பிடிக்க ஒன்றும் விகிதமுறு எண்ணல்ல. இடையில் வரும் இருபடியோ த² + த + 1 = 0. அந்த முப்படியின் மூலங்களை மெய்யெண்களின் வர்க்கமூலம், கனமூலம் முதலியவற்றை மட்டும் கொண்டு எழுதவே முடியாது என்பது 1843-இல் வான்ட்செல் நிறுவிய முடிவு. கோணங்களின் வழியே போகலாம்தான். வியேட் அப்படிப் போனார். மூலங்கள் 40°, 80°, 160° ஆகியவற்றின் கோசைன்களின் இருமடங்கு. ஆனால் கலப்பெண்களைப் பெருக்கினால் கோணங்கள் கூடுகின்றன; கனமூலம் எடுத்தால் கோணம் மூன்றில் ஒன்றாகிறது. மாற்றுவழி என்று தோன்றியது அதே வழிதான்.

அப்படியானால் மெய்யெண்ணுக்கும் கலப்பெண்ணுக்கும் உறவு என்ன? ஹாமில்டன் 1837-இல் கலப்பெண்ணை இரண்டு மெய்யெண்களின் வரிசைச் சோடியாக வரையறுத்தார். இரண்டாம் இடம் 0 ஆன சோடிகள் மெய்யெண்களைப்போலவே நடந்துகொள்கின்றன. (இலங்கையில் 'சிக்கலெண்' என்பார்கள். ஹாமில்டனுக்கு நம் 'கலப்பு' கூடுதலாகப் பொருந்துகிறது.) இந்த விரிவுக்கு ஒரு விலை உண்டு: பெரிது, சிறிது என்ற ஒழுங்கு போய்விடுகிறது. ஒழுங்குள்ள எண்களில் எந்த வர்க்கமும் குறை எண் ஆகாது. ஆகவே √−1 மிகையும் அல்ல, குறையும் அல்ல. கலப்பெண்களில் தன்மைகாட்டியிடம் கேட்க ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது: நீ 0-வா, இல்லையா?

மூலங்களுக்கு 'மெய்', 'கற்பனை' என்ற பெயர்களை 1637-இல் சேர்த்தே வைத்தவர் டெக்கார்ட். பெயரளவில் உறுதியாக நின்ற மெய்யெண்ணுக்கு டெடகின்ட் தம் வரையறையை வெளியிட்டது 1872-இல். √2 × √3 = √6 என்பதுகூடத் தமக்குத் தெரிந்தவரை அதுவரை முறையாக நிறுவப்படவில்லை என்று அவர் அதில் எழுதினார். பொம்பெல்லி √−121-ஐ வைத்துக் கணக்குப் போட்டுச் சரியாக 300 ஆண்டுகள் ஆகியிருந்தன.