எழுதி வைக்காத ஒரு விதி



வகுப்பில் ஸ்பெயின் என்றால் கொலம்பஸ், ஆர்மடா, பிராங்கோ என்று பேசியிருக்கிறோம். இன்று அதே நாட்டின் வடக்கு ஓரத்தில் உள்ள ஒரு கால்பந்து கிளப்பின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

ஊரின் பெயர் பில்பாவோ. பாஸ்க் மக்களின் பெரிய நகரம். தனி மொழி, தனி அடையாளம் கொண்ட மக்கள். இரும்புத் தாதுவும் கப்பல் கட்டும் தொழிலும் அங்கே ஆங்கிலேயர்களைக் கொண்டுவந்தன. அவர்களோடு கால்பந்தும் வந்தது. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உள்ளூர் இளைஞர்களும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். 1898-ல் பிறந்தது அத்லெட்டிக் கிளப். ஆரம்பத்தில் ஆங்கிலேயரும் ஆடினார்கள். 1912 வாக்கில் ஒரு வழக்கம் உறுதிப்பட்டது: இனி நம் மண்ணின் பிள்ளைகள் மட்டும்தான்.

இந்த விதி கிளப்பின் சட்டப் புத்தகத்தில் இல்லை. எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கிளப்புக்கு முதலாளி கிடையாது. உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை மாற்றுவேன் என்று சொல்லி எவரும் ஜெயித்து வரவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் அது நிற்பதற்கு அதுதான் காரணம்.

முதல் பெரிய சோதனை உள்நாட்டுப் போர். 1937 ஏப்ரலில் குவெர்னிக்கா குண்டுவீச்சில் எரிந்தது. ஜூனில் பில்பாவோ பிராங்கோவின் படையிடம் வீழ்ந்தது. அதற்குச் சற்று முன்புதான் பாஸ்க் அரசு ஒரு கால்பந்து அணியை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. அத்லெட்டிக்கின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஐரோப்பா சுற்றி, மெக்சிகோ போய், அங்குள்ள லீக்கிலேயே ஆடி இரண்டாம் இடம் பிடித்தார்கள். பலர் ஊருக்குத் திரும்பவே இல்லை. போர் முடிந்தபோது கிளப்பில் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். வெளியிலிருந்து ஆள் எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் உள்ளூர்ப் பையன்களை வைத்தே மறுபடி தொடங்கினார்கள். 1943-ல் லீக், கோப்பை இரண்டையும் வென்றார்கள். அந்நிய வார்த்தை கூடாது என்று பிராங்கோ அரசு 1941-ல் கிளப்பின் பெயரையே ‘அத்லெட்டிகோ’ என்று மாற்ற வைத்தது. பெயர்தான் மாறியது. ஆட்கள் மாறவில்லை.

1958 கோப்பை இறுதியாட்டம் மாட்ரிடில் நடந்தது. எதிரணி ரியால் மாட்ரிட். தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை வென்று, டி ஸ்டெஃபானோ போன்றவர்களைக் கொண்டிருந்த அணி. அவர்களுடைய மைதானத்திலேயே 2–0 என்று அத்லெட்டிக் ஜெயித்தது.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 1976 டிசம்பர் 5. பிராங்கோ இறந்து ஓராண்டு கடந்திருந்தது. பாஸ்க் கொடிக்குத் தடை மட்டும் நீங்கவில்லை. பக்கத்து ஊர் ரியால் சோசிதாத் அணியோடு ஆட்டம். பரம எதிரிகள். அத்லெட்டிக்கின் கோல்கீப்பர் இரிபாரும் சோசிதாத் தலைவர் கோர்த்தபாரியாவும் அந்தக் கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார்கள். அடுத்த மாதமே தடை நீங்கியது. அன்று அத்லெட்டிக் 5–0 என்று தோற்றது. ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொடியைத்தான் பேசுகிறார்கள்.

பிறகு பணத்தின் காலம் வந்தது. சோசிதாத்தும் அதே கொள்கையோடு இருந்த கிளப்தான். 1989-ல் லிவர்பூலிலிருந்து ஜான் ஆல்ட்ரிஜை வாங்கி அதைக் கைவிட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவரவர் நிலைமை அவரவருக்கு. 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆட வைக்கலாம் என்றானது. மற்ற கிளப்புகள் உலகம் முழுக்க வலை வீசின. அத்லெட்டிக் வீசவில்லை. 2007-ல் கடைசி நாள் ஆட்டத்தில்தான் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியது. 1929-ல் லீக் தொடங்கியது முதல் ஒரு முறையும் இறங்காதவை மூன்றே கிளப்புகள்: ரியால் மாட்ரிட், பார்சிலோனா, இது.

எப்படி முடிந்தது? 1971-ல் லெசாமா என்ற இடத்தில் பயிற்சிக் கூடம் கட்டினார்கள். வெளியில் ஆள் வாங்க முடியாது என்றால் வீட்டுப் பிள்ளையை வளர்த்துத்தானே ஆக வேண்டும்! 2018-ல் கெப்பா என்ற கோல்கீப்பரை செல்சி 8 கோடி யூரோவுக்கு வாங்கியது. இப்படி வருகிற பணத்தைக் கொண்டு அத்லெட்டிக் உலக நட்சத்திரங்களை வாங்க முடியாது. அடுத்த தலைமுறைக்குத்தான் செலவழிக்க முடியும்.

இங்கே உங்களில் சிலர் கேட்பீர்கள்: “சார், இது பிறப்பைப் பார்த்து ஒதுக்குவது ஆகாதா?” நியாயமான கேள்வி. நம் நாட்டுக்காரர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட. ‘நம்மவன்’ என்ற சொல் எத்தனை கதவுகளை அடைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

இதற்குப் பதிலாக ஒருவரைச் சொல்கிறேன். கானா நாட்டிலிருந்து ஒரு தம்பதி சஹாரா பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயின் வந்தார்கள். அவர்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயரையே 1994-ல் பில்பாவோவில் பிறந்த மகனுக்கு வைத்தார்கள். இன்யாகி வில்லியம்ஸ். 2015-ல் அத்லெட்டிக்குக்காக கோல் அடித்த முதல் கறுப்பின வீரர் ஆனார். இடைவிடாமல் 251 லீக் ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தார். தம்பி நிக்கோவும் அதே அணியில் ஆடினார். இன்று விதி கேட்பது ரத்தத்தை அல்ல. அந்த மண்ணில் பிறந்தாயா, அல்லது அங்கே ஆட்டம் கற்று வளர்ந்தாயா என்பதுதான். முற்காலத்தில் அது இன்னும் குறுகலாக இருந்தது. காலப்போக்கில் அகன்றது. விதியைக் கைவிடாமலே அதன் கதவை அகலமாக்கியிருக்கிறார்கள். இன்னும் அகல வேண்டும் என்பவர்களும் உண்டு.

விலையும் கொடுத்தார்கள். 1984-க்குப் பிறகு ஆறு முறை கோப்பை இறுதிக்குப் போய் ஆறிலும் தோற்றார்கள். அதில் இரண்டு தோல்வி 2021 ஏப்ரலில், இரண்டே வார இடைவெளியில்! கடைசியில் 2024 ஏப்ரல் 6-ல் பெனால்டியில் மல்லோர்க்காவை வென்றார்கள். நாற்பது ஆண்டுக் காத்திருப்பு. ‘கபாரா’ என்ற பழைய சரக்குப் படகில் வீரர்கள் ஆற்றில் வர, கரை இரண்டிலும் லட்சக்கணக்கானோர் நின்றார்கள்.

நம் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் கபடி, வாலிபால் போட்டிகளில் காசு கொடுத்து வெளியூர் ஆட்டக்காரரை இறக்குவது உங்களுக்குத் தெரியும். கோப்பை வரும். ஆண்டு முழுக்கப் பயிற்சிக்கு வந்த பையன் ஓரமாக நின்று பார்ப்பான். அடுத்த ஆண்டு அவன் வரமாட்டான். சில ஆண்டுகளில் மைதானத்தில் புல் முளைத்துவிடும். வெளியூர்க்காரரைச் சேர்ப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. வேலை தேடி நம் ஊருக்கு வந்து குடியேறியவரின் பிள்ளையும் நம் பிள்ளைதான். முதலில் அவனைக் கூப்பிட்டு விளையாட விடுங்கள். பிறகு, எதற்காக இந்த டீம் என்று எல்லோரும் உட்கார்ந்து ஒரு முறை பேசி முடிவு செய்யுங்கள். அப்படிப் பேசி எடுத்த முடிவு, தோற்கிற ஆண்டிலும் டீமைக் காப்பாற்றும்.

உங்களில் பலர் இன்று ஊரில் டீம் நடத்துகிறீர்கள். ஜெர்சி வாங்கவும் வலை வாங்கவும் என் பங்கும் உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்